ஊர்க்குளத்துப் பறவைக் குழுவில் ஊர்க்காரர்கள் பேச மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

மறுகால் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நாங்குநேரி பக்கம் ஒரு சின்ன ஊர். சங்கத்தில் கணக்கு எழுதுகிற வேலை. தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது இல்லையா, அதில் ஒரு வருஷம் கூட்டாளியோடு சும்மா போய் நின்றேன். அன்றைக்குப் பிடித்த பழக்கம், ஏழெட்டு வருஷமாகப் பறவை பார்க்கிறேன்.

எங்கள் குளம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து மறுகால் பாய்ந்துவிட்டால் மாசி வரைக்கும் தண்ணீர் கிடக்கும். கூந்தன்குளம் எங்களுக்குப் பக்கம். அங்கே ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுகிற மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் இரை தேடி எங்கள் குளத்துக்கும் வரும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்வதைக் கண்டு, நம் ஊரிலும் அப்படி ஒரு ஒட்டுதல் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது. மடை திறக்கிற அண்ணாச்சி தினமும் விடியற்காலையில் குரல் பதிவு போடுவார்: "இன்னைக்கு வடக்கு மடையில நாமக்கோழி நெறைய நிக்கி." ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நீலத்தாழைக்கோழியைப் படம் வரைந்து போட்டது. சிவப்பு நெற்றி, நீளமான கால் விரல், எல்லாம் அப்படியே இருந்தது. ஆடு மேய்க்கிற அக்கா ஒருவருக்கு எழுத வராது. அவருடைய மகன் கேட்டு எழுதிப் போடுவான்.

அப்புறம் நான் கேமரா வாங்கினேன். நல்ல படங்களாகப் போட ஆரம்பித்தேன். யாராவது பெயரைத் தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவேன். வெளியூர்ப் புகைப்படக்காரர்கள் சிலரையும் சேர்த்தேன். இப்போது 214 பேர் இருக்கிறோம். போன மாதம் வந்தவற்றை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 431 செய்திகள். பாதிக்கு மேல் காலை வணக்கப் படம். மீதி எல்லாம் ஒன்பது பேர் போட்டது, அதில் ஊர்க்காரர் என்று பார்த்தால் நான் மட்டும்தான்.

இதை எழுத வைத்தது வேறு ஒரு விஷயம். போன தை மாதம் எங்கள் குளத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறது. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. எனக்கு மூன்றாம் நாள் டீக்கடையில்தான் தெரியும். நான்கு பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நான்கு பேருமே குழுவில் இருப்பவர்கள். "அண்ணாச்சி, குழுவுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே" என்றேன். மடைக்கார அண்ணாச்சி சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது. "அங்க நல்ல போட்டோ வச்சிருக்கவங்கதான தம்பி போடணும்? நாம வெறும் வாயில சொல்லி என்னத்துக்கு."

நிர்வாகி மட்டும் செய்தி போடும்படி மாற்றிவிடலாமா? இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கலாமா? பரிசு வைத்துப் படப்போட்டி நடத்தலாமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இப்படி ஒரு குழுவை நடத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கொள்ளிடக்கரை

போட்டி மட்டும் வேண்டாம் சார், நான் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவன். முதல் பரிசு ஒரு பைனாகுலர் என்று அறிவித்தோம். 60 படம் வந்தது. நடுவர்கள் தேர்ந்தெடுத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டாம் பரிசு பெற்ற படம் இணையத்திலிருந்து எடுத்தது. அனுப்பியவன் பள்ளிக்கூடப் பையன். எல்லார் முன்னாலும் அவன் தலைகுனிந்து நின்றான். பரிசு என்று ஒன்றை வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பையன் சாதாரணமாக ஏதாவது எடுத்துப் போட்டிருப்பான். அவன் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

நிர்வாகி மட்டும் போடுகிற அமைப்பு அறிவிப்புக்குச் சரி, ஊர் பேசுவதற்கு ஆகாது. இன்ஸ்டாகிராம் வெளியூர்க்காரர்களைத்தான் கொண்டுவரும். உங்களிடம் ஏற்கெனவே அவர்கள் இருக்கிறார்கள்.

---

மடையான்

தம்பி, நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தென்காசிப் பக்கம் ஒரு குளத்தைச் சுற்றி ஆறு வருஷமாக வாட்ஸ்அப் குழுவும் ஒரு ஃபேஸ்புக் பக்கமும் நடத்துகிறேன். உங்கள் குழு பட்ட பாடு எங்களுடையதும் பட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டீக்கடையில் அண்ணாச்சி சொன்னதை நன்றாக யோசித்துப் பாருங்கள். அவருக்குப் பறவை மேல் ஆர்வம் குறையவில்லை. இரண்டு நாள் நின்று பார்த்திருக்கிறார், மூன்றாம் நாளும் அதைப் பற்றித்தான் பேசுகிறார். நீங்கள் நல்ல படம் போடப் போட, படம்தான் அங்கே செல்லும், வாய்ச்சொல் செல்லாது என்று அவருக்குப் பட்டுவிட்டது. யாரும் அப்படி விதி போடவில்லைதான், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது விதி மாதிரியே தெரியும். அதனால் முதல் வேலை, உங்கள் கேமராப் படங்களை மூன்று மாதத்துக்கு நிறுத்துங்கள். வெளியூர்ப் படக்காரர்களுக்குத் தனிக் குழு வைத்துக் கொடுங்கள், சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

அடுத்தது, "உங்கள் படங்களைப் பகிருங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர்களுக்குப் பதில் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். நான் முதலில் கேட்டது மடையானைப் பற்றி (என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்). வயல் வரப்பில் மண்ணோடு மண்ணாக நிற்கும், பக்கத்தில் போனால் சட்டென்று வெள்ளைச் சிறகு விரித்துப் பறக்குமே, அது. "இதை உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்வீர்கள்? ஏன் அந்தப் பெயர்?" என்று சாதாரண போனில் எடுத்த மங்கலான ஒரு படத்தோடு கேட்டேன். அன்று ராத்திரிக்குள் 41 பதில். பெரும்பாலும் குருட்டுக்கொக்கு. காலடி பக்கத்தில் வருகிற வரைக்கும் அசையாமல் நிற்பதால் அதற்குக் கண் தெரியாது என்று நினைத்தார்களாம். 70 வயதுக்கு மேற்பட்ட ஒரு தாத்தா, அவருடைய அப்பா பிசான அறுப்பு முடிந்த வயலில் அதைக் கண்ணி வைத்துப் பிடித்ததையும், இவர் அழுது அதை அவிழ்த்துவிடச் சொன்னதையும் மூன்று நிமிடம் பேசி அனுப்பினார். அதுவரை குழுவில் வாயே திறக்காதவர். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நான் இரண்டு வருஷமாகத் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குரல் பதிவை மரியாதையோடு நடத்துங்கள். போனில் தமிழ் தட்டெழுதுவது நிறையப் பேருக்குச் சிரமம். அண்ணாச்சியின் குரல் பதிவு வந்தால் அன்றைக்கே நீங்கள் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, கீழே அவர் பெயர், நேரம், இடம் போட்டுக் குழுவில் திரும்பப் போடுங்கள். "வடக்கு மடை, காலை 6.10" என்று எழுதிவிட்டால் அது பதிவாகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் அதிலிருந்து உதிர்ந்துபோகும், அதனால் படம் போட்டாலும் மடையா, மறுகாலா, தென்கரையா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் ராத்திரி ஆள்காட்டி கத்துகிறதை 11 விநாடி பதிவு செய்து அனுப்பினார். மெர்லின் செயலி போனிலேயே குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், அதை வைத்து உறுதி செய்து காட்டினேன். மறுநாள் ஏழு பேர் குரல் பதிவு அனுப்பினார்கள்.

திருத்துவதைப் பற்றி. நான் முப்பது வருஷம் சிவப்பு மையோடு வாழ்ந்தவள், அந்தப் பழக்கம் விடுவது எனக்கு எளிதாக இல்லை. இப்போது "அது இல்லை, இது" என்று எழுதுவதே கிடையாது. ஒரு பிள்ளை "பெரிய கொக்கு" என்று படம் போட்டால், "கால் கறுப்பா இருக்கே, பாதம் என்ன நிறம் பாரு" என்று கேட்பேன். அது திரும்பவும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும். கறுப்புக் காலின் அடியில் மஞ்சள் பாதம், செருப்பு போட்ட மாதிரி. அலகும் கறுப்பு. அப்போது சின்னக் கொக்கு என்று அதுவே சொல்லிவிடும். தானாகக் கண்டுபிடித்த பிள்ளை அடுத்த கொக்கை விடாது.

காலை வணக்கம் போடுகிறவர்களைக் குழுவில் வைத்துத் திட்டாதீர்கள். நான் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, "உங்க வீட்டு வாசல்ல காலையில முதல்ல கத்துறது எதுன்னு எழுதுங்க, அதுதான் எனக்கு வணக்கம்" என்று கேட்டுக்கொண்டேன். பத்துப் பேரில் நான்கு பேர் மாறினார்கள். தவிட்டுக்குருவி, செம்போத்து, கரிச்சான் என்று தினம் வருகிறது. மாறாதவர்களை அப்படியே விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பலன் கொடுத்தது ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வாரம் யார் யார் என்ன பார்த்தார்கள் என்று ஒரே பக்கத்தில் அச்செடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டுவேன். போன் இல்லாதவர்களும் படிப்பார்கள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள், இல்லையென்றால் "நானும் பார்த்தேனே" என்பார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அந்தச் சுவர் வழியாக வந்தவர்கள்.

கடைசியாக ஈபேர்ட், பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிவு செய்கிற இணையதளம். குழுவில் மற்றவர் சொன்னதை உங்கள் கணக்கில் ஏற்றாதீர்கள், நேரில் பார்த்தவர்தான் தன் பட்டியலில் போட வேண்டும். நான் ஊர்க்காரர் நான்கு பேரை அழைத்துக்கொண்டு மடை மேல் 15 நிமிடம் நின்றேன். தெரிந்த பறவை ஒன்றையும் விடாமல் எண்ணி, முழுப் பட்டியலாகப் போட்டு, அவர்களோடு பகிர்ந்தேன். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023ஆம் ஆண்டு அறிக்கை 30,000க்கு மேற்பட்டவர்கள் இப்படிப் போட்ட சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. பனங்காடை குறைந்துகொண்டு வருகிறது என்று அதில் இருக்கிறது. நம் ஊரில் கரண்டுக் கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவை! அதைக் குழுவில் எழுதியதும் "எங்க காட்டுல ரெண்டு இருக்கு", "முன்ன பனந்தோப்புல நெறைய இருக்கும்" என்று வந்துகொண்டே இருந்தது. சொன்னது எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் சொல்வார்கள் தம்பி.

---

உப்பங்கழி

டீச்சர் சொன்னது எல்லாம் சரி. ஊர் பேசத் தொடங்கிய பிறகு வருகிற ஆபத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அது முன்னாலேயே தெரியவில்லை.

எங்கள் குழுவில் ஒருவர் பாழடைந்த கட்டடத்தில் கூகை குஞ்சு பொரித்திருப்பதை இடத்தோடு போட்டார். நல்ல எண்ணம்தான். ஒரே வாரத்தில் கார் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ராத்திரி டார்ச் அடித்துப் படம் எடுத்தார்கள். தாய்ப் பறவை வருவது நின்றுபோனது. மூன்று குஞ்சில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஈபேர்ட் ஆபத்தில் இருக்கும் சில பறவைகளின் இடத்தை மறைத்துவிடும், எல்லா உயிர்களையும் பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளமும் அருகிவரும் உயிர்களுக்கு இடத்தை மங்கலாக்கிவிடும். வாட்ஸ்அப் எதையும் மறைக்காது, யாரோ ஒருவர் அனுப்பிவிட்டால் நம் கையில் இல்லை. அதனால் கூடு, குஞ்சு, ஆந்தை இந்த மூன்றையும் நிர்வாகிக்குத் தனியாகச் சொல்லுங்கள் என்று முதல் நாளே வைத்துவிடுங்கள். கூட்டைப் படம் எடுப்பதே வேண்டாம்.

இன்னொன்று, எடுத்த படத்துக்கும் வரைந்த படத்துக்கும் உரியவர் அதை எடுத்தவர், வரைந்தவர்தான். எங்கள் குழுவில் ஒரு பையன் எடுத்த பூநாரைப் படம் ஒரு நாளிதழில் அவன் பெயர் இல்லாமல் வந்தது. கேட்டதற்கு "வாட்ஸ்அப்பில் வந்தது" என்றார்கள். பெயர் போட்டிருந்தால் அந்த வீடே கொண்டாடியிருக்கும். நீங்கள் ஃபேஸ்புக்கில் போடுவதாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள், பிள்ளைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற யாராவது விரும்பினால் நல்லதுதான், எடுத்தவர் பெயர் படத்தோடு நிற்கும். ஆனால் அங்கே கொடுத்த உரிமையைப் பிறகு திரும்ப வாங்க முடியாது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். அதை உட்கார வைத்து விளக்கிவிட்டு ஏற்றுங்கள்.

---

மறுகால்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அண்ணாச்சிக்கு அந்த எண்ணம் வந்ததே என் படங்களால்தான் என்பதை ஏற்க முதலில் மனம் வரவில்லை. பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை வரைந்த நீலத்தாழைக்கோழிக்குக் கீழே நான் எழுதியிருந்தது இதுதான்: "அலகு இன்னும் தடிமனாக இருக்கும்." அதற்குப் பிறகு அது ஒன்றுமே போடவில்லை. நேற்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நோட்டு நிறைய வரைந்து வைத்திருக்கிறது, முக்குளிப்பான் மட்டுமே ஆறு பக்கம்.

உப்பங்கழி சொன்ன மூன்றையும் குழு விவரத்தில் எழுதிவிட்டேன். முதல் கேள்வி என்ன கேட்கலாம்?

---

மடையான்

வாத்து இறங்கியதையே கேளுங்கள். "போன தையில் வரித்தலை வாத்து வந்தபோது யார் யார் பார்த்தீர்கள்? எங்கே நின்றன? எத்தனை இருக்கும்?" உங்களுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை, அவர்களுக்குக் கிடைத்தது. நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் என்று அவர்களுக்குத் தெரியட்டும். முதலில் அண்ணாச்சியை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுக் குழுவில் போடுங்கள்.

கழுத்தில் பட்டை ஏதாவது தெரிந்ததா என்றும் கேட்டு வையுங்கள். மங்கோலியாவில் எழுத்து பொறித்த பட்டை மாட்டிவிட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். சாதாரண போன் படத்தில் அந்த எழுத்து தெரிந்தாலே போதும், எங்கே மாட்டியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

---

மறுகால்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை கேள்வியைப் போட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் இல்லை, காலை வணக்கம் மட்டும் மூன்று. ராத்திரி 8.40க்கு அண்ணாச்சியின் குரல் பதிவு, 2 நிமிடம் 10 விநாடி. வெள்ளிக்கிழமை விடியுமுன்னே சத்தம் கேட்டதாம். நாய் குரைக்கிறது என்று நினைத்து வெளியே வந்தாராம். தென்கரை ஓரத்து நாற்றங்காலில் மேய்ந்துகொண்டிருந்தன. "தலையில ரெண்டு கறுப்புக் கோடு, நாமம் போட்ட மாதிரி இல்ல, குறுக்க." நின்று நிதானமாக எண்ணியிருக்கிறார், 43.

அதற்கு அடுத்து ஆடு மேய்க்கிற அக்காவின் மகன். அவன் அம்மா மறுநாளும் பார்த்திருக்கிறார், 38தான் இருந்தன என்கிறார். பட்டை எதுவும் கண்ணில் படவில்லை. வயல்காரர் ஒருவர், நாற்று போனதில் தனக்கு வருத்தம்தான், ஆனால் விரட்ட மனம் வரவில்லை என்று எழுதினார். மொத்தம் 17 பேர். அண்ணாச்சி பேரனுடைய போனில் ஈபேர்ட் கணக்கு தொடங்கி, தாத்தா பெயரிலேயே அந்தத் தேதியைப் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் தாள் ஒட்டப் போகிறேன். மேலே அந்தப் பிள்ளை வரைந்த வரித்தலை வாத்து, அதனிடமும் அப்பாவிடமும் கேட்டுவிட்டேன். கடைக்காரர் பாய்லர் பக்கத்துச் சுவரைத்தான் கொடுக்கிறார். எழுத்து எவ்வளவு பெரிதாக வைப்பது டீச்சர்?

---

மடையான்

கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு வையுங்கள். பாய்லர் ஆவியில் தாள் இரண்டு நாளில் சுருண்டுவிடும், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டுங்கள். 43, 38 இரண்டு எண்ணிக்கையையும் அவரவர் பெயரோடு அப்படியே போடுங்கள், எது சரி என்று நீங்கள் எழுத வேண்டாம்.